செயலி காட்டும் எண் எங்கிருந்து வந்தது?

போனில் ஒரு உடல்நலச் செயலியைத் திறந்தால் எண்கள் வரிசையாக வந்து நிற்கும். இன்று எடுத்துவைத்த அடிகள் 6,214. நாடித்துடிப்பு 72. நேற்றிரவு தூக்கம் 6 மணி 40 நிமிடம், அதில் ஆழ்ந்த தூக்கம் 58 நிமிடம். செலவான கலோரி 1,890. எல்லாம் ஒரே எழுத்தில், ஒரே பளிச்சென்ற நிறத்தில் இருப்பதால், எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு நம்பலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

உண்மையில் அந்த எண்கள் மூன்று வெவ்வேறு வழிகளில் வந்தவை. சிலவற்றைப் போனோ கைக்கடிகாரமோ நேரடியாக அளந்திருக்கும். சில, அளந்த ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டு ஊகித்தவை. மீதி, நீங்களே கையால் உள்ளிட்டவை. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால், எந்தச் செயலியைப் பார்த்தாலும் எதை நம்பலாம், எதை ஓரமாக வைக்கலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான்.

இந்தச் செயலிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, களஞ்சியம் மாதிரியானது. ஆப்பிள் 2014இல் ஐபோனில் ஹெல்த் செயலியைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு கூகுள் ஃபிட்டும் வந்தது. பிறகு ஆண்ட்ராய்டுக்கு ஹெல்த் கனெக்ட் வந்தது. பல இடங்களிலிருந்து வரும் தகவலை ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதுதான் இவற்றின் வேலை. இன்னொரு வகை, ஒரே ஒரு காரியத்துக்காக நாம் தேடி நிறுவுவது: மாத்திரை நேரத்தை நினைவூட்டுவது, மாதவிடாய் நாட்களைக் குறித்து வைப்பது, ஓடிய தூரத்தைப் பதிவது. இவை களஞ்சியத்துக்குள் எழுதவும் செய்யும், நீங்கள் அனுமதித்தால் அதிலிருந்து படிக்கவும் செய்யும். ஆகவே ஹெல்த் செயலியில் தெரியும் எண்ணையெல்லாம் அதுவே அளந்தது என்று நினைத்துவிட வேண்டாம். எண்ணைத் தொட்டு உள்ளே போய்ப் பாருங்கள். எந்தக் கருவி அல்லது எந்தச் செயலி அதைக் கொடுத்தது என்று அங்கே இருக்கும்.

அடிகளை எண்ணுவது எப்படி?

போனுக்குள் முடுக்கமானி என்று ஒரு சில்லு இருக்கிறது. போனைப் படுக்கவாட்டில் திருப்பினால் திரையும் கூடவே திரும்புகிறதே, அதற்கும் இதுதான் காரணம். அந்தச் சில்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு சிலிக்கான் துண்டு, மெல்லிய சுருள்களில் தொங்குவது போல அமைந்திருக்கும். போன் அசைந்தால் அந்தத் துண்டும் இம்மியளவு நகரும். அந்த நகர்வு மின் அளவீடாக மாறுகிறது. நாம் நடக்கும்போது உடல் ஒரு தாளகதியில் ஏறி இறங்குவதால் அளவீட்டிலும் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். மென்பொருள் அந்த மேடுகளை எண்ணுகிறது. அதுதான் உங்கள் நடைக் கணக்கு.

இது தெரிந்தால் பல புதிர்கள் அவிழும். போனை மேசைமேல் வைத்துவிட்டு வீடு முழுக்க நடந்தால் ஒரு அடிகூட ஏறாது. கைக்கடிகாரம் கட்டிய கையால் குழந்தையின் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கை வீசாது, எண்ணிக்கை குறையும். குலுங்கும் வண்டியில் போனால் நடக்காத நடையும் சேரலாம். ஆனால் ஒரே போனை ஒரே மாதிரி பையில் வைத்துக்கொண்டு நடந்தால், போன வாரத்தைவிட இந்த வாரம் கூடியதா குறைந்ததா என்று பார்க்க இந்தக் கணக்கு தாராளமாகப் போதும்.

சரி, அந்த 10,000 அடி? பல செயலிகள் அதைத்தான் தினசரி இலக்காக வைக்கின்றன. எட்டாவிட்டால், திரையில் இலக்கைக் காட்டும் வளையம் பாதியிலேயே நின்று நம்மை உறுத்துகிறது. அந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து வந்தது இல்லை. ஜப்பானில் 1965இல் ஒரு நடைமானி விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் மான்போ-கெய், அதாவது பத்தாயிரம் அடிகளை அளக்கும் கருவி. விளம்பரப் பெயராக வந்த முழு எண், உலகம் முழுவதற்கும் இலக்காகிவிட்டது. பின்னாளில் அமெரிக்காவில் சராசரியாக 72 வயதான 16,741 பெண்களை ஆராய்ந்து, அதன் முடிவை 2019இல் வெளியிட்டார்கள். தினம் 2,700 அடி அளவில் நடந்தவர்களைவிட 4,400 அடி அளவில் நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் அந்தப் பலன் கூடவில்லை. யாரையும் நடக்கச் சொல்லாமல், அவரவர் நடப்பதைக் கவனித்து மட்டும் பதிவு செய்த ஆய்வு இது. ஆகவே நடைதான் காரணம் என்று அதை வைத்து மட்டும் அறுதியிட முடியாது. இருந்தாலும் முழங்கால் வலியோடு 4,000 அடி நடந்துவிட்டு, செயலி காட்டும் பாதி வளையத்தைப் பார்த்து மனம் சோர்கிற பெரியவர்களிடம் இதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த நடை வீணாகவில்லை.

ஒளியால் துடிப்பைப் படிப்பது

கைக்கடிகாரத்தின் அடியில் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலுக்கடியில் ரத்தம் கூடி, அடுத்த நொடியே குறைகிறது. அதற்கேற்பத் திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித்துடிப்பு கிடைத்துவிடும். போன் கேமராவின்மேல் விரலை வைத்து ஃபிளாஷை எரியவிட்டுத் துடிப்பு பார்க்கும் செயலிகளும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன. அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது இது நன்றாகவே வரும். ஓடும்போதோ பட்டை தளர்வாக இருக்கும்போதோ தடுமாறும்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்ப்பதற்குச் சிவப்பு, அகச்சிவப்பு என்று இரண்டு ஒளிகள் வேண்டும். ஆக்சிஜன் ஏற்றிய ரத்தமும் ஏற்றாத ரத்தமும் இவற்றை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. 1970களில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி இந்த நுட்பத்தைக் கண்டுபிடித்தார். ஒளியை நம்பிய முறை என்பதால் தோலின் நிறமும் குறுக்கே வரும். மருத்துவமனைகளில் பயன்படும் விரல்முனைக் கருவிகளைப் பற்றி 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டாமல் விட்டது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டது. மருத்துவமனைக் கருவிக்கே இந்த நிலை. மூச்சுத் திணறுகிறது, ஆனால் கைக்கடிகாரம் ஆக்சிஜன் 96 சதவீதம், இயல்புதான் என்கிறது என்றால், உடல் சொல்வதைக் கேட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இதயத் துடிப்பு சீராக இல்லை என்று கைக்கடிகாரம் எச்சரிக்கும் வசதியையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆப்பிள் கைக்கடிகாரம் அணிந்த 4,19,297 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2019இல் வெளியானது. ஏறக்குறைய நான்கு மாதக் கண்காணிப்பில் எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்கு மட்டும்தான். அப்படி வந்தவர்களில், பிறகு மார்பில் ஒட்டும் இசிஜி பட்டையை அணிந்து திருப்பி அனுப்பியவர்களைப் பார்த்தால், 34 சதவீதம் பேரிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு பதிவானது. அந்தக் கோளாறு வந்து வந்து போகும் இயல்புடையது. ஆகவே மற்றவர்களுக்கு அது இல்லவே இல்லை என்றும் முடிவுகட்ட முடியாது. எச்சரிக்கை வந்தால் பதறாமல் மருத்துவரைப் பாருங்கள். வரவில்லை என்றால் இதயம் நன்றாக இருப்பதாகச் சான்றிதழ் கிடைத்துவிட்டதாக எண்ணாதீர்கள். முக்கியமாக, கைக்கடிகாரத்தில் எடுக்கும் இசிஜியால் மாரடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது. ஆப்பிளே அதைச் சொல்கிறது. நெஞ்சு வலித்தால் அவசர உதவியைக் கூப்பிட வேண்டுமே தவிர, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது.

ஊகத்தில் பிறந்த எண்கள்

கலோரியும் தூக்க நிலைகளும் இந்த வகை. உடல் செலவழிக்கும் கலோரியைக் கைக்கடிகாரத்தால் அளக்க முடியாது. வயது, எடை, உயரம், அசைவு, துடிப்பு எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு ஒரு எண்ணைக் காட்டுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். நாடித்துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் அடங்கியது. கலோரியில் மிகச் சிறப்பாகச் செய்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம். கருவிகள் அதற்குப் பிறகு மாறியிருக்கின்றன, ஆனால் ஊகிக்கும் வழி அதேதான். ‘இன்று 400 கலோரி செலவாகிவிட்டது, அதே அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிடலாம்’ என்று இந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுவது நல்ல யோசனை இல்லை.

தூக்கமும் இப்படித்தான். தூக்க ஆய்வகத்தில் மூளையின் மின்னலைகள், கண்களின் அசைவு, தசைகளின் இறுக்கம் எல்லாவற்றையும் பதிவு செய்துதான் ஆழ்ந்த தூக்கம் எது, கனவுத் தூக்கம் எது என்று பிரிப்பார்கள். மணிக்கட்டில் கட்டும் கருவி மூளையைப் பார்ப்பதில்லை. அசைவையும் துடிப்பையும் வைத்து யூகம் செய்கிறது. எத்தனை மணிக்குப் படுத்தோம், எப்போது எழுந்தோம் என்பது ஓரளவு சரியாக வரும். தூக்கம் வராமல் அசையாமல் படுத்திருந்தால் அதையும் தூக்கமாகச் சேர்த்துவிடும். அந்த 58 நிமிட ஆழ்ந்த தூக்கத்தை மனதில் போட்டுக்கொண்டு கவலைப்படுவதில் பொருளில்லை. செயலியின் தூக்க மதிப்பெண்ணை உயர்த்த வேண்டும் என்ற பதற்றத்திலேயே தூக்கம் கெடுகிறவர்களைப் பற்றி 2017இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அந்த நிலைக்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயரும் வைத்தார்கள். காலையில் எழும்போது உடல் தெளிவாக இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொண்டு, அப்புறம் செயலியைத் திறப்பது நல்லது.

இன்னொரு படி மேலே போய், முடியாததை முடியும் என்று சொல்லும் செயலிகளும் இருக்கின்றன. போனில் விரலை வைத்து, போனை மார்போடு அழுத்திப் பிடித்தால் ரத்த அழுத்தம் தெரியும் என்று ஒரு செயலி 2014 முதல் 2015 வரை விற்பனையில் இருந்தது. ஒரு லட்சம் பேருக்கு மேல் அதை இறக்கிக்கொண்டார்கள். ஆய்வாளர்கள் 85 பேரிடம் அதைச் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு அது இயல்பாக இருப்பதாகக் காட்டியது. இதை நினைத்தாலே எனக்கு மனம் பதைக்கிறது. பிரஷர் அதிகமாக இருப்பவர் போனைப் பார்த்து நிம்மதியடைந்து மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? பக்கவாதம் வரும்வரை அவருக்குத் தெரியாமலே போகலாம்.

சர்க்கரை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தோலைத் துளைக்காமலே ரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம், அப்படி எதற்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. கையிலோ வயிற்றிலோ ஒட்டிக்கொள்ளும் தொடர் சர்க்கரைக் கண்காணிப்பு சென்சார் வேறு. அதன் மெல்லிய இழை தோலுக்குள் இறங்கி அளக்கிறது. போன் அந்த எண்ணை வாங்கிக் காட்டும் திரை மட்டும்தான்.

நீங்களே எழுதுவது

மூன்று வகையிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பளபளப்பு இல்லாத, சென்சார் எதுவும் தேவைப்படாத, வெறும் குறிப்பேடு போன்ற செயலிகள்.

அம்மாவுக்கு மருத்துவரின் அறையில் பிரஷர் எப்போதும் கூடுதலாகவே இருக்கும். அங்கே போய் உட்கார்ந்ததும் வருகிற படபடப்புதான் காரணமா, வீட்டிலும் அப்படித்தானா என்று தெரியவில்லை. மருத்துவர் இரண்டு வாரம் வீட்டிலேயே அளந்து எழுதி வரச் சொன்னார். மேற்கையில் கட்டும் கருவியால் காலையும் மாலையும் அளந்து செயலியில் உள்ளிட்டோம். அடுத்த முறை போனபோது அவர் முதலில் கேட்டது அந்த வரைபடத்தைத்தான். ஐந்து நிமிடச் சந்திப்பில், ‘எப்படி இருக்கிறது?’ என்ற கேள்விக்கு ‘பரவாயில்லை டாக்டர்’ என்று சொல்வதற்கும், 28 அளவீடுகளை நீட்டுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! மருத்துவமனையில் மட்டும் ஏறுகிற பிரஷர் பலருக்கும் உண்டு. வீட்டு அளவீடு இல்லாமல் அதைப் பிரித்தறிவது கடினம்.

ஆனால் உள்ளிடும் எண் சரியாக இருந்தால்தான் செயலிக்கு மதிப்பு. அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பே காபி, புகை, உடற்பயிற்சி எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். முதுகைச் சாய்த்து, பாதங்கள் தரையில் படும்படி ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். பட்டை கட்டிய கை நெஞ்சு உயரத்தில் எதன்மேலாவது தாங்கி இருக்கட்டும். பேச வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். எண் பிடிக்கவில்லை என்று மூன்றாவது, நான்காவது முறை அளந்து நல்லதாகப் பார்த்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் அந்த வரைபடம் மருத்துவருக்கு எதற்கும் உதவாது.

மாத்திரை நினைவூட்டும் செயலியும் இதே மாதிரி எளிமையானது, இதே மாதிரி பயனுள்ளது. ‘காலை மாத்திரையைப் போட்டேனா இல்லையா’ என்ற சந்தேகத்தில் இரண்டாவது தடவை போட்டுக்கொள்ளும் ஆபத்தை ஒரு சின்ன டிக் குறி தடுத்துவிடும். தலைவலி, வீசிங் போன்றவற்றுக்கு, வந்த நேரத்தையும் முந்தின இரவுத் தூக்கத்தையும் குறித்து வைத்தால் ஒரு மாதத்தில் ஏதாவது ஒரு ஒழுங்கு கண்ணில் படலாம். உணவுக் கலோரியை எழுதும் செயலிகளிடம் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. அவற்றின் பட்டியலில் பல பதிவுகள் மற்ற பயனர்கள் ஏற்றியவை. அளவையும் நாம் குத்துமதிப்பாகத்தான் போடுகிறோம். சாப்பாடு குறித்த மன உளைச்சல் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு அவை கெடுதலாகவே முடியலாம்.

எழுதியது எங்கே போகிறது?

மருத்துவரிடம் சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான் நாம் செயலியிடமும் சொல்கிறோம். சட்டம் இரண்டையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. அமெரிக்காவில் மருத்துவமனைப் பதிவுகளைக் காக்கும் ஹிப்பா சட்டம், நாமாக நிறுவிக்கொள்ளும் பெரும்பாலான செயலிகளுக்குப் பொருந்தாது. ஐரோப்பாவில் 2018 முதல் அமலில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக் கவனம் தேவைப்படும் வகையாக வைத்திருக்கிறது. நாட்டுக்கு நாடு இது மாறும்.

ஃப்ளோ என்ற மாதவிடாய்ச் செயலியை உலகெங்கும் கோடிக்கணக்கான பெண்கள் பயன்படுத்துகிறார்கள். அந்தரங்கமாக வைத்திருப்போம் என்று சொல்லிவிட்டு, பயனர்களின் உடல்நலத் தகவலை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களின் பகுப்பாய்வுப் பிரிவுகளுக்கு அனுப்பியது என்று அமெரிக்க வணிக ஆணையம் குற்றம்சாட்டியது. 2021இல் அது சமரசத்தில் முடிந்தது. அதற்கு முன் 2018இல் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. ஸ்ட்ராவா என்ற ஓட்டப்பயிற்சிச் செயலி முந்தைய ஆண்டு வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் ஓடிய தடங்கள் பளிச்சென்று தெரிந்தன. பெயர் எதுவும் இல்லாத தகவல்தான் அது. இருந்தும் இடம் தெரிந்துவிட்டது.

மாத்திரை நினைவூட்டும் செயலிக்கு உங்கள் தொடர்புப் பட்டியல் எதற்கு? இருப்பிடம் எதற்கு? அனுமதி கேட்டால் மறுத்துப் பாருங்கள். நல்ல செயலி அது இல்லாமலும் வேலை செய்யும். கணக்குத் தொடங்காமலே, போனுக்குள்ளேயே தகவலை வைத்துக்கொள்ளும் செயலி கிடைத்தால் அதற்கு முன்னுரிமை கொடுங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்துச் செயலியைப் போனிலிருந்து நீக்கினாலும் அவர்களுடைய சர்வரில் உள்ள உங்கள் தகவல் தானாக அழியாது. முதலில் செட்டிங்ஸில் போய் உங்கள் பதிவுகளை இறக்கிக்கொண்டு, கணக்கை அழித்துவிட்டு, அதற்குப் பிறகு செயலியை நீக்குங்கள்.

தொடங்கும்போது ஐந்து செயலிகளை ஒன்றாக நிறுவாதீர்கள். உங்களுக்கு இப்போது பதில் தேவைப்படும் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘என் பிரஷர் மாத்திரை வேலை செய்கிறதா?’ என்பது நல்ல கேள்வி. ‘நான் ஆரோக்கியமாக இருக்கிறேனா?’ என்பதற்கு எந்தச் செயலியாலும் பதில் சொல்ல முடியாது. இரண்டு வாரம் பாருங்கள். அந்த எண் கூடினாலும் குறைந்தாலும் நீங்கள் எதையும் மாற்றப் போவதில்லை என்றால், அதைப் பின்தொடர்வதை விட்டுவிடலாம்.

எதையும் அளக்காமலே இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. ஐபோனின் ஹெல்த் செயலியில் மெடிக்கல் ஐடி என்ற பகுதியும், ஆண்ட்ராய்டு போன்களில் அவசரகாலத் தகவல் என்ற பகுதியும் உண்டு. ரத்த வகை, ஒவ்வாமை, தினமும் போடும் மாத்திரைகள், நீரிழிவோ வலிப்போ இருந்தால் அது, உடனே அழைக்க வேண்டியவரின் எண் ஆகியவற்றை அங்கே எழுதுங்கள். பூட்டியிருக்கும்போதும் காட்டலாம் என்ற அனுமதியையும் கொடுங்கள். நீங்கள் நினைவிழந்து விழுந்தால், உதவிக்கு வருபவர் கடவுச்சொல் இல்லாமலே அவசர அழைப்புப் பொத்தான் வழியாக அதைப் படிக்க முடியும். எழுதி முடித்ததும் போனைப் பூட்டி, பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்து, அதைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள். அவரால் முடிந்ததா என்று பாருங்கள்.